மகுடம் சூடிய பற்கள்

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் ஊர்ப் பழமொழி. சொல்லை வைத்துப் பிழைப்பவன் நான். மத்திய சர்க்கார் காரியாலயம் ஒன்றில் ஒரு மொழியில் உள்ள காகிதத்தை இன்னொரு மொழிக்கு மாற்றித் தருவதே தில்லியில் என் உத்தியோகம். ஆகவே, இந்தப் பழமொழியின் பின்பாதியில் காட்டிய அக்கறையை முன்பாதியிலும் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. அதன் பலனாகக் கீழ்வரிசையில் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப் பல் இப்போது என்னிடம் இல்லை. அது போன கதையையும், போனபின் நான் கற்றுக்கொண்டவற்றையும் நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இன்றைய பேச்சின் நோக்கம். என்னைப் போல் ஊரை விட்டு வந்து வாழ்பவர்களுக்கு இது சற்று அதிகமாகவே பயன்படும் என்பது என் எண்ணம்.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு வார விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். அங்கே பல்வலி கண்டது. நம் மொழியில் பேசும் வைத்தியர், நியாயமான கட்டணம்; வேறென்ன வேண்டும்? இரண்டு அமர்வுகளில் வேர் சிகிச்சை செய்து முடித்தார். வலி பறந்தது. "இந்தப் பல்லுக்குக் கட்டாயம் கேப் போட வேண்டும். அளவெடுத்துச் செய்து வர ஒரு வாரம் ஆகும்" என்றார் வைத்தியர். எனக்கோ மறுநாள் ரயில். "அடுத்த முறை வரும்போது போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

தில்லிக்கு வந்த பிறகு வலியும் இல்லை. பல்லைப் பற்றிய நினைவும் இல்லை. குளிர்காலம் வந்தது. எள்ளும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் கஜக் என்னும் தின்பண்டம் இங்கே தெருவெல்லாம் விற்கும் காலம் அது. ஒரு துண்டைக் கடித்தேன். காய்ந்த சுள்ளி முறிவது போல் வாய்க்குள் ஓர் ஓசை. பல் நெடுக்காகப் பிளந்து, பிளவு வேர்வரை இறங்கிவிட்டது. பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். குற்றம் கஜக்கின் மேலும் இல்லை. ஊர் வைத்தியர் மேலும் இல்லை. வலி தீர்ந்தால் வேலை தீர்ந்தது என்று எண்ணிய என் மேல்தான்.

கேப் போடாத பல் ஏன் பிளக்கிறது? பல்லின் மேலே இருப்பது எனாமல் என்னும் பற்சிப்பி. நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதற்குள்ளே எலும்பைப் போன்ற டென்டைன். அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழ். சொத்தை கூழ்வரை சென்றுவிட்டால், வைத்தியர் பல்லின் உச்சியைக் குடைந்து, கெட்டுப்போன கூழை அகற்றி, வேரின் குழலைச் சுத்தம் செய்து அடைக்கிறார். இதுவே வேர் சிகிச்சை. இதன்பின் பல் வலிப்பதில்லை. ஆனால் சொத்தை தின்றது பாதி, வைத்தியர் குடைந்தது மீதி என்று உள்ளே வெற்றிடமாகி, சுற்றுச் சுவர் மட்டும் நிற்கிறது. ஒவ்வொரு கவளத்தையும் மெல்லும்போது அந்தச் சுவர்கள் விலகப் பார்க்கின்றன. மாட்டு வண்டிச் சக்கரத்தின் மரம் விலகாதபடி இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடைவாய்ப் பல்லுக்குக் கேப் செய்யும் வேலை அதுவே.

ஆங்கிலத்தில் இதைக் கிரௌன், அதாவது மகுடம், என்கிறார்கள். அழகான பெயர்தான், ஆனால் அலங்காரம் என்ற எண்ணத்தையும் அது தந்துவிடுகிறது. நம் மக்கள் வழங்கும் கேப் என்ற சொல்லோ தலையில் கவிழ்த்துக் கழற்றும் தொப்பியை நினைவூட்டுகிறது. இரண்டும் பொருந்தவில்லை. பல்லைச் சுற்றிலும் அராவிச் சிறிதாக்கி, ஈறுவரை மூடும்படி பொருத்திப் பசையால் ஒட்டுவது இது. ஆகவே பல் உறை என்று சொல்வதே பொருத்தம் எனத் தோன்றுகிறது.

எல்லாப் பல்லுக்கும் உறை வேண்டியதில்லை. சிறிய சொத்தைக்கு அடைப்பு போதும். பல்லின் பெரும்பகுதி அடைப்பாகவே இருந்தால், மேற்புறம் விரிசல் கண்டிருந்தால், கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை நடந்திருந்தால் உறை அவசியமாகிறது. முன்பல்லில் வேர் சிகிச்சை நடந்தும், பல்லின் உடல் பெரும்பாலும் நன்றாகவே இருந்தால், சில சமயம் அடைப்போடு நிறுத்திவிடலாம். இங்கே மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. எனாமல் ஒருமுறை போனால் மீண்டும் வளராது. ஆகவே எந்தச் சிகிச்சையானாலும், "நல்ல பல் எவ்வளவு அராவப்படும்?" என்பதே நம் முதற்கேள்வியாக இருக்க வேண்டும். இரண்டாவது கேள்வி, "இதைவிடக் குறைவாக அராவி முடிக்கும் வழி உண்டா?" என்பது.

மூன்றாவது கேள்வி பொருளைப் பற்றியது. பொன் கலந்த உலோக உறை நம் தாத்தாக்கள் காலத்துக் கௌரவச் சின்னம். நிறம் பிடிக்காதவர்கள் இன்று பலர். ஆயினும் அதற்கு ஒரு சிறப்பு உண்டு. உலோகம் மெல்லியதாக இருந்தாலும் வலிமை உடையது; ஆகவே பல்லைக் குறைவாக அராவினால் போதும். எதிர்ப்பல்லையும் அதிகம் தேய்ப்பதில்லை. வெளியே தெரியாத கடைசிப் பல்லுக்கு அது இன்றும் நல்ல தேர்வே. அடுத்தது, உலோகத்தின் மேல் பீங்கான் படிய வைத்த உறை. பார்வைக்குப் பல் போலவே இருக்கும். பீங்கான் சில சமயம் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஈறு பின்வாங்கினால் ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு தெரியும். இக்காலத்தில் பெரிதும் பேசப்படுவது ஸிர்கோனியா. வெண்மையும் உண்டு, வலிமையும் உண்டு, கடைவாய்க்கு ஏற்றது. ஒளி ஊடுருவும் தன்மையுள்ள வேறு பீங்கான் வகைகள் முன்பல்லுக்கு இயற்கைத் தோற்றம் தருகின்றன. விலை மலிந்த உலோகக் கலவைகள் சிலவற்றில் நிக்கல் இருக்கும். கடிகாரப் பட்டையோ மலிவான தோடோ பட்டால் தோல் தடிக்கும் இயல்புள்ளவர்கள், அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

முன்பல்லுக்கு உறை போடுகிறவர்கள் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. பீங்கானை வெளுக்கச் செய்ய இயலாது. பற்களை வெளுக்கச் செய்யும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்து, நிறம் நிலைத்த பிறகு அதற்கிசைய உறை போட வேண்டும். முறை மாறினால் ஒரு பல் மட்டும் தனித்துத் தெரியும்.

இனி என் கதைக்கு வருகிறேன். பல்லைப் பிடுங்கிய இடம் ஆறியபின், அதை வெறுமையாக விட்டுவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார் தில்லி வைத்தியர். பக்கத்துப் பற்கள் வெற்றிடத்தை நோக்கிச் சாயும், எதிர்வரிசைப் பல் பிடிப்பின்றி இறங்கும், உணவு சிக்கும், சொத்தை பெருகும். பேருந்தில் ஒருவர் எழுந்துவிட்டால் மற்றவர்கள் நகர்ந்து உட்காருகிறார்களே, அது போல.

எனக்கு மூன்று வழிகள் சொல்லப்பட்டன. முதலாவது, கழற்றி மாட்டும் பல். செலவு குறைவு, பழகச் சில நாள் ஆகும். இரண்டாவது, பாலம். இருபக்கப் பற்களையும் உறைக்கு அராவுவது போல் அராவித் தூண்களாக்கி, இரண்டு உறைகளையும் நடுவே ஒரு பொய்ப்பல்லையும் ஒரே துண்டாகச் செய்து பொருத்துவது. இது புதிய யோசனையன்று. இன்றைய இத்தாலியில் வாழ்ந்த எட்ரூஸ்கர்கள் கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே பொற்பட்டையால் பொய்ப்பல்லைப் பக்கத்துப் பற்களோடு பிணைத்திருக்கிறார்கள். மூன்றாவது, தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து அதன்மேல் உறை போடும் இம்பிளான்ட். எலும்பு டைட்டானியத்தோடு இறுகச் சேர்கிறது என்பதைச் சுவீடன் நாட்டுப் பிரோனிமார்க் கண்டறிந்து, 1965-ஆம் ஆண்டில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். இதில் பக்கத்துப் பற்களைத் தொட வேண்டியதில்லை. ஆனால் செலவு அதிகம். எலும்பு பிடிக்கப் பெரும்பாலும் சில மாதங்கள் பொறுக்க வேண்டும். நீரிழிவைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் அது சரியாகப் பிடிக்காமல் போகும் அபாயம் உண்டு.

வைத்தியர் என்னை யோசித்து வரச் சொன்னார். அந்த ஒரு வாரம் கண்ணாடியின் முன் வாயைத் திறந்து திறந்து பார்த்தேன். இழந்த பல்லுக்குப் பின்னால் இருந்த பல்லில் ஏற்கெனவே பெரிய அடைப்பு. இன்றில்லாவிட்டால் நாளை அதற்கு உறை வேண்டும். முன்னால் இருந்ததோ ஒரு குறையும் இல்லாத பல். செலவையும் காலத்தையும் எண்ணிப் பாலத்தையே தேர்ந்தெடுத்தேன். இரு பக்கமும் குறையற்ற பற்களாக இருந்திருந்தால், கடன் வாங்கியாவது இம்பிளான்டுக்குத்தான் போயிருப்பேன். ஒரு பாவமும் அறியாத அந்த முன்பல்லை இயந்திரம் அராவிய ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. சரியான நாளில் போட்டிருந்தால் ஓர் உறையோடு முடிந்திருக்கும் காரியம்; இப்போது ஒரு பல் போய், இரண்டு பற்கள் அராவப்பட்டன.

மூன்றாவது வகை வெனீர். இது தச்சர்களிடமிருந்து வந்த சொல். மட்டமான பலகையின் மேல் நல்ல மரத்தின் மெல்லிய ஏட்டை ஒட்டுகிறார்களே, அதற்குப் பெயர் வெனீர். முன்பல்லின் முகப்பில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பருமனுள்ள பீங்கான் ஏட்டை ஒட்டுவது பல் வெனீர். அமெரிக்காவில் சார்லஸ் பிங்கஸ் என்னும் பல் வைத்தியர், திரைப்பட நடிகர்கள் காமிரா முன் நிற்கும் நேரத்துக்கு மட்டும் இத்தகைய ஏடுகளை ஒட்டிக் கொடுத்தார். படப்பிடிப்பு முடிந்தால் கழற்றிவிடலாம். 1955-இல் மைக்கேல் பூனோகோர், எனாமலை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பசை உறுதியாகப் பற்றும் என்று காட்டினார். அந்த வழியைப் பின்பற்றி 1980-களில் பீங்கான் வெனீர் நிலையாக ஒட்டும் சிகிச்சையாயிற்று.

வெனீர் பெரும்பாலும் அழகுக்காகச் செய்யப்படுவது. அழகு தேடுவதில் தவறில்லை. ஆனால் அதற்கும் பெரும்பாலும் எனாமலைச் சிறிது அராவ வேண்டும். அப்படி அராவியபின் பழைய பல் திரும்பாது. என் நண்பர் ஒருவர் தர்மபுரிப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. சிறுவயதில் அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிந்துவிடுவதுண்டு. அவருடைய மகளுக்கு மணம் பேசி வந்தபோது, முன்பற்கள் எட்டுக்கும் வெனீர் ஒட்டிவிடுவது என்று வீட்டில் முடிவு செய்தார்கள். பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு. பார்த்த வைத்தியர் நிதானமானவர். "வெனீர் ஒருமுறை ஒட்டினால் ஆயுள் முழுவதும் நிற்பதன்று. இந்த வயதில் தொடங்கினால் இடையிடையே பல தடவை மாற்ற வேண்டி வரும். முதலில் மேற்கறையைத் தேய்த்து எடுத்து, வெளுக்கச் செய்து பார்ப்போம்" என்றார். பெரும்பாலான கறை அதிலேயே மங்கிவிட்டது. பெண் கூச்சமின்றிச் சிரித்தாள். எட்டுப் பற்களின் எனாமலும் பிழைத்தது. கறை ஆழமாக இருந்தாலோ, பல் உடைந்திருந்தாலோ வெனீர் நல்ல சிகிச்சையே. எளிய வழிகளைப் பார்த்துவிட்டு அதற்குப் போக வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

இவ்வளவு செய்து பொருத்திய பின் பாதுகாப்பது எப்படி? "உறை போட்டாயிற்று, இனிச் சொத்தை வராது" என்று எண்ணுவோர் உண்டு. பீங்கானுக்கும் உலோகத்துக்கும் சொத்தை வராது என்பது உண்மை. ஆனால் உள்ளே இருப்பது பல். உறை முடிந்து பல் தொடங்கும் ஓரம் ஈறின் அருகே இருக்கிறது. அங்கே அழுக்குத் தங்கினால், கிருமிகள் அந்த ஓரத்தின் வழியே நுழைந்து, உறைக்குள் இருக்கும் பல்லை அரித்துவிடும். உறை பளபளவென்று இருக்கும்; உள்ளே பல் இராது. நரம்பு எடுத்த பல்லாக இருந்தால் வலித்து எச்சரிக்கவும் செய்யாது.

ஆகவே காலையும் இரவும் மென்மையான தூரிகையால், ஃப்ளோரைடு சேர்ந்த பசையைக் கொண்டு, ஈறோரமாகத் துலக்க வேண்டும். செங்கற்பொடி, உமிக்கரி, உப்பு முதலியவற்றால் அழுத்தித் தேய்ப்பதை விட்டுவிட வேண்டும். அவை பல்லையும் ஈறையும் தேய்க்கும். பற்களின் இடுக்கை நாள்தோறும் நூலாலோ, இடுக்குத் தூரிகையாலோ சுத்தம் செய்வது நல்லது. பாலத்தின் நடுப்பல்லுக்கு அடியில் சாதாரண நூல் மேலிருந்து நுழையாது. அதற்கென்றே முனை விறைப்பாக உள்ள நூல் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதைப் பக்கவாட்டில் கோத்து இழுக்க வேண்டும். எனக்கு இது பழக ஒரு மாதம் பிடித்தது. இப்போது இரண்டு நிமிஷ வேலை.

தீபாவளிக்கும் கோகுலாஷ்டமிக்கும் ஊரிலிருந்து வரும் முறுக்கையும் சீடையையும் விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொடித்துச் சாப்பிடலாம், மறுபக்கத்தால் மெல்லலாம். பாக்கைக் கடிப்பது, எலும்பை உடைப்பது, பனிக்கட்டியை நொறுக்குவது, புட்டியின் மூடியைப் பல்லால் திறப்பது ஆகியவை வேண்டாம். பாக்கும் புகையிலையும் பீங்கானைவிட வாய்க்கே பெருங்கேடு. அவை புற்றுநோய் தருபவை. உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் அதை வைத்தியரிடம் சொன்னால், இரவில் அணிய ஒரு காப்புத் தகடு செய்து தருவார். தற்காலிக உறை இருக்கும் நாட்களில் ஒட்டும் மிட்டாய் ஆகாது. உறை கழன்றுவிட்டால், எறிந்துவிடாமல் ஒரு சிறு டப்பியில் போட்டு, ஓரிரு நாளில் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். வீட்டிலுள்ள பசையால் ஒட்டப் பார்க்காதீர்கள். நன்கு பேணினால் பத்துப் பதினைந்து ஆண்டுகளும், அதற்கு மேலும் உழைக்கும் உறைகள் ஏராளம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்றே சில வார்த்தைகள். முதலாவது, சிகிச்சையை எந்த ஊரில் தொடங்குகிறீர்களோ அந்த ஊரிலேயே முடியுங்கள். வேர் சிகிச்சைக்கும் உறைக்கும் சேர்த்து நாள் கணக்கிட்டு, விடுமுறை அதற்குப் போதுமா என்று பாருங்கள். போதாது என்றால், வேலை பார்க்கும் ஊரிலேயே செய்துகொள்ளுங்கள். எக்ஸ்ரே படத்தையும், உறை எந்தப் பொருளால் ஆனது என்று எழுதிய சீட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊர் வைத்தியருக்கு அதுவே நம் வாயின் வரலாறு.

இரண்டாவது, மொழி. ஒரு சமயம் என் தாயார் தில்லிக்கு வந்திருந்தபோது அவரைப் பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். "பல் கூசுகிறது" என்றார் அம்மா. அதை இந்தியில் சொல்ல வாயெடுத்தேன். கூச்சம் என்றதும் நாணம் என்ற பொருளே முந்திக்கொண்டு வந்து நின்றது. அம்மாவின் பல் வெட்கப்படுகிறது என்று சொல்லியிருப்பேன்! "ஊரெல்லாம் நீ பெரிய மொழிபெயர்ப்பாளன் என்கிறார்கள், இந்தக் கூச்சத்துக்கு ஒரு சொல் இல்லையாடா?" என்று அம்மா கேட்டார். "டண்டா லக்தா ஹை, குளிர்ச்சி படுகிறதா?" என்று அங்கிருந்த தாதிதான் எடுத்துக் கொடுத்தார்.

இதில் வேடிக்கை மட்டும் இல்லை. குளிர்ந்த நீர் பட்டதும் கூசி உடனே அடங்குவது ஒன்று. இரவில் தானாகவே விண்விண் என்று தெறிப்பது இன்னொன்று. கடித்தால் மட்டும் சுரீர் என்பது வேறொன்று. முதலாவதற்கு அடைப்போ பூச்சோ போதுமாக இருக்கலாம். இரண்டாவது, பற்கூழ் கெட்டு வேர் சிகிச்சை கேட்பதாக இருக்கலாம். மூன்றாவது, விரிசலின் அடையாளமாக இருக்கலாம். காலத்தில் உறை போட்டால் அந்தப் பல் பிழைக்கக்கூடும். சொல் மாறினால் சிகிச்சையும் திசை மாறலாம். ஆகவே எப்போது வலிக்கிறது, எவ்வளவு நேரம் வலிக்கிறது, எதனால் கூடுகிறது என்ற மூன்றையும், போகுமுன்பே அந்த ஊர் மொழியில் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

மூன்றாவது, மலிவு. நகரங்களில் நடைபாதையில் பெட்டியை விரித்துக்கொண்டு, அரைமணியில் பல் கட்டித் தருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். பொய்ப்பல்லைப் பிளாஸ்டிக் குழம்பால் பக்கத்துப் பற்களோடு அப்பிவிடுகிறார்கள். அதன் அடியில் துலக்க முடியாது. ஈறு வெந்து, நல்ல பற்களும் ஆடத் தொடங்கும். 1948-ஆம் ஆண்டிலேயே பல் வைத்தியர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்துவிட்ட நாடு இது. கையில் பணம் குறைவு என்றால் நடைபாதைக்குப் போக வேண்டியதில்லை. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். கல்கத்தாவில் 1920-இல் டாக்டர் ரபியுதீன் அகமது தொடங்கிய கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தில்லியில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனம், பம்பாயிலும் பெங்களூரிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. வரிசையில் நிற்க வேண்டும். சில நடைகள் நடக்க வேண்டும். ஆனால் அங்கே பயிலும் மாணவரின் கைக்குப் பின்னால் ஆசிரியரின் கண் இருக்கிறது.

நேயர்களே, உறையோ பாலமோ வெனீரோ, மூன்றும் பல்லுக்குத் துணையே, பல்லுக்கு ஈடாகமாட்டா. எவ்வளவு குறைவாக அராவினோம், எவ்வளவு காலத்தில் செய்தோம், ஓரத்தை எவ்வளவு சுத்தமாக வைத்தோம் என்பதில்தான் அவற்றின் ஆயுள் இருக்கிறது. வேர் சிகிச்சை முடிந்த பல்லோடு, வலி இல்லை என்ற நிம்மதியில், உங்களில் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவரிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். அடுத்த விடுமுறைவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போய் அளவு கொடுத்துவிட்டு வாருங்கள். குளிர்காலத்தில் கஜக் விற்கும் ஊரில் நாம் இருக்கிறோம்.